திருமதி ஃபிஷரின் சோள அடை

முதல் முறை சுட்டபோது கல்லில் அடை இல்லை, புட்டுதான் இருந்தது. திருப்பப் போனால் நாலாக உடைகிறது. உடைந்ததை வாயில் போட்டால் உப்பு இல்லை, கூடவே லேசாக சோப்பு வாடை. "இதுக்கா ரெண்டு நாளா அந்த பழைய புத்தகத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?" என்றார் மனைவி. நியாயமான கேள்விதான்.

புத்தகம் 1881-இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண்கள் கூட்டுறவு அச்சகம் ஒன்றில் அச்சானது. தெற்கத்திப் பழஞ்சமையல் பற்றி திருமதி ஃபிஷருக்குத் தெரிந்தவை என்பது தலைப்பின் பொருள். அபி ஃபிஷர் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அடிமையாகப் பிறந்தவர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அலபாமாவின் மொபீல் நகரில் வாழ்ந்து, பிறகு குடும்பத்தோடு சான் பிரான்சிஸ்கோ வந்து ஊறுகாய், ஜாம் வியாபாரம் செய்தவர். 1880-இல் அந்த ஊர்க் கண்காட்சியில் அவருடைய ஊறுகாய்க்கும் சாஸுக்கும் ஜெல்லிக்கும் பதக்கம் கிடைத்திருக்கிறது. அவரை ஆதரித்த பெண்மணிகள், இதையெல்லாம் புத்தகமாகப் போடுங்கள் என்று வற்புறுத்தியிருக்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல். தனக்கும் தன் கணவருக்கும் படிப்பு இல்லை என்று முன்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார். அவர் வாயால் சொல்ல, வேறு யாரோ எழுதினார்கள். சுமார் 160 குறிப்புகள்.

சொல்லி எழுதிய புத்தகம் என்பதற்கு உள்ளேயே தடயம் இருக்கிறது. ‘ஜம்பர்லி’ என்று ஒரு பதார்த்தம் வருகிறது. அது ஜம்பலாயா. ‘சர்க்யூட் ஹாஷ்’ என்று இன்னொன்று. அது சக்கடாஷ், அதாவது சோளமும் பீன்ஸும் சேர்த்துச் செய்வது. தெற்கத்திப் பேச்சு பழகாத காதில் விழுந்தது அப்படியே அச்சேறிவிட்டது. 1995 மறுபதிப்புக்குக் குறிப்புகள் எழுதிய உணவு வரலாற்றாளர் கேரன் ஹெஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, அடைக்கு வருவோம். புத்தகத்தில் இதன் பெயர் தோட்டத்துச் சோள ரொட்டி, இன்னொரு பெயர் ஹோ கேக். ‘ஹோ’ என்றால் மண்வெட்டி. வயலில் மண்வெட்டித் தகட்டிலேயே சுட்டதால் இந்தப் பெயர் என்பது பரவலான கதை. இங்கிலாந்தில் சில பகுதிகளில் தோசைக்கல் மாதிரியான இரும்புத் தட்டுக்கும் அதே பெயர் இருந்தது, அதிலிருந்துதான் வந்தது என்ற வாதமும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

செய்முறை மொத்தம் இரண்டே வாக்கியம். ஒரு பைன்ட் மாவு, அரை மேசைக்கரண்டி பன்றிக்கொழுப்பு, ஒரு டீ கப் கொதிநீர், நன்றாகக் கிளறி சூடான கல்லில் சுட வேண்டும். அடுத்த வாக்கியத்தில், மாவில் ஒரு தேக்கரண்டி சோடாவைச் சலித்துச் சேர்க்க வேண்டும். கவனித்தீர்களா? அடையைச் சுட்டு முடித்த பிறகு சோடா வருகிறது! எங்கள் துறையில் இதை நிறையப் பார்க்கலாம். வாடிக்கையாளர் பேசிக்கொண்டே போவார், கடைசியில் "ஆங், அதுக்கு முன்னாடி இதையும் செய்யணும்" என்பார். எழுதுகிறவர் அதைக் கடைசி வரியாகவே போட்டுவிடுவார். அதே கதைதான் இங்கும் நடந்திருக்கிறது என்பது என் ஊகம்.

உப்பு குறிப்பிலேயே இல்லை. சமைக்கிறவர் உப்பு போடு என்றா சொல்லிக்கொண்டிருப்பார்? எழுதியவரும் கேட்கவில்லை.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. பைன்ட் என்றால் சுமார் 470 மில்லி. டீ கப் பழைய அமெரிக்க அளவுப் பட்டியல்களில் பொதுவாக 120 மில்லி. அந்த மாவுக்கு அது போதவே போதாது, அதனால்தான் எனக்குப் புட்டு வந்தது. அவர் வீட்டுக் கோப்பை எவ்வளவு பெரியதோ! மூன்றாம் முறை கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போனதில் 350 மில்லியில் பதம் வந்தது. கொதிநீர் என்பதில் மட்டும் சமரசம் கூடாது. மக்காச்சோளத்தில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது. சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையானால்தான் ஒட்டும். கொழுக்கட்டைக்கு நாம் வெந்நீர் ஊற்றிப் பிசைவதும் இதற்குத்தான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: கடையில் கார்ன் ஃப்ளோர் என்று கேட்காதீர்கள், சூப்புக்குப் போடும் வெள்ளை மாவைத் தருவார்கள். மக்காச்சோள மாவு வேண்டும், கொஞ்சம் கொரகொரப்பாக. சோடாவைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்தேன். புளிப்பு எதுவும் சேராமல் சோடா மட்டும் போட்டால் அந்த சோப்பு வாடை போகாது. பன்றிக்கொழுப்புக்குப் பதில் வெண்ணெய். உள்ளங்கை அளவு தட்டி, இரும்புக் கல்லில் எண்ணெய் தாராளமாக விட்டு, ஓரம் சிவக்கும்வரை தொடாமல் இருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் திருப்பினால் மறுபடி புட்டுதான்.

இந்த அடை ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிடித்த காலை உணவு, வெண்ணெயும் தேனும் வழிய வழியச் சாப்பிடுவார் என்று அவர் வீட்டில் வளர்ந்த பேத்தி எழுதியிருக்கிறார். சமையற்கட்டில் நின்று சுட்டவர்கள் அடிமைகள். அவர்களைப் போன்றவர்களின் படி என்ன? பிரெடெரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றில் கணக்கு இருக்கிறது: மேரிலாந்தில் ஆளுக்கு மாதம் ஒரு புஷல் சோளமாவு, எட்டு பவுண்டு பன்றிக்கறி அல்லது அதற்கு ஈடாக மீன். ஒரு புஷல் என்றால் சுமார் 35 லிட்டர் கொள்ளளவு. ஆக, முக்கால்வாசிச் சாப்பாடு இந்த மாவுதான். காலை இருட்டோடு வயலுக்குப் போகிறவர்களுக்கு மாவு, வெந்நீர், கல் இந்த மூன்றில் முடிகிற அடையை விட்டால் வேறு என்ன வழி?

1881 என்றால் அடிமை முறை ஒழிந்து பதினாறு வருடம். ஃபிஷர் அந்தக் காலத்தைப் பற்றி புத்தகத்தில் தனியாக எதுவும் சொல்வதில்லை. ‘தோட்டம்’ என்ற சொல் மட்டும் அங்கங்கே வந்துபோகிறது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் காசு கொடுத்து வாங்கப்போகும் புத்தகம் அது. வேண்டுமென்றே விட்டாரா, எழுதியவர் விட்டாரா என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.

ஆனால் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் குறிப்பில் ஓரிடத்தில் குரல் மாறுகிறது. பதினோரு பிள்ளை பெற்றேன், எல்லாரையும் இதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன், இது தோட்டத்துப் பக்குவம் என்கிறார். அங்கே அளவைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மூன்றாம் ஈடு எட்டு அடை வந்தது. தேன் இல்லை, நாட்டுச்சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டோம். மனைவி இரண்டு சாப்பிட்டார். அடுத்த வாரம் சர்க்யூட் ஹாஷ்.