முழவும் விசைப்பலகையும்: ஒரு வரலாற்று நோக்கு

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் விசைப்பலகைக் கருவிகளுக்கென எழுதப்பட்ட இசையை, தாளக்கருவிக் குழுக்கள் இசைக்கத்தக்கவாறு மாற்றியமைக்கும் முயற்சி மேனாட்டில் நடைபெற்று வருகிறது. இது விந்தையாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் வரலாற்றை ஆராயுங்கால், முழவிடமிருந்து பெற்றதே முழவிற்குத் திரும்புகிறது என்பதை நாம் காண்கிறோம்.

1531-இல் பாரிஸ் நகரில் அத்தேஞ்ஞான் என்பார் பாடல்களையும் நடன இசையையும் விசைப்பலகைக்கு மாற்றி அச்சிட்டு வெளியிட்டார். 1589-இல் லாங்ர் பேராலயக் குருவாகிய தபூரோ, ஆர்போ என்னும் புனைபெயரில் நடன நூலொன்றை எழுதினார். அதில் ஒரு நடனப் பாடலுடன், ஒரு நெடிலும் இரு குறிலுமாகிய முழவின் அடியும் தொடர்ந்து குறிக்கப்பட்டுள்ளது. 1591-இல் எழுதி முடிக்கப்பட்ட நெவில் சீமாட்டியின் ஏட்டில், வில்லியம் பேர்டு இயற்றிய 'போர்' என்னும் இசைத்தொடர் எக்காளத்தையும் குழலையும் முழவையும் விசைப்பலகையிலேயே ஒலிக்கச் செய்கிறது.

அக்காலத்து வர்ஜினல் என்னும் கருவியில் நரம்பு மீட்டப்பட்டவுடன் ஒலி தேயத் தொடங்கும். கோலால் அடிக்கும் மரச்சட்டங்களின் இயல்பும் அதுவே. ஆதலால் மேற்குரலைச் சைலஃபோனுக்கும் கீழ்க்குரலை மரிம்பாவுக்கும் அளிக்கலாம். நெடிய சுரங்களை விரைந்த தொடரடியால் நீட்டலாம். நடனத்தின் அடியைத் தோற்கருவி ஏற்கலாம்.

இதில் திருச்சபைக்குரிய பாடமும் உண்டு. ஸ்விங்லி சீர்திருத்திய சூரிச் நகரில் 1527-இல் பெரிய ஆலயத்தின் ஆர்கன் அகற்றப்பட்டது. கால்வினின் ஜெனீவாவில் சங்கீதங்கள் கருவியின்றியே பாடப்பட்டன. ஆயினும் 1551-ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வெளிவந்த 'பழைய நூறாம் சங்கீத' இராகத்தை இன்று நம் ஆலயங்களில் ஆர்கனுடனும் ஆர்மோனியத்துடனும் பாடுகிறோம். ஒரு காலத்தில் தகாததென விலக்கப்பட்ட கருவி, மற்றொரு காலத்தில் ஆராதனையின் அடையாளமாயிற்று. எனவே எக்கருவியும் தன்னிலே தூயதுமன்று, தீட்டுமன்று.

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு வில்லுப்பாட்டின் குடமும் உடுக்கும், நையாண்டி மேளத்தின் தவிலும் பம்பையும், பறையும் நன்கு அறிமுகமானவை. ஆயினும் கடல் கடந்து வந்த ஆர்மோனியத்திற்குக் கிடைத்த இடம் பறைக்குக் கிடைக்கவில்லை. அது சாவுக்குரியது என்றனர்; அதனை அடிப்போரின் சாதியே உண்மைக் காரணமாகும். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940-2005) இதனை உணர்ந்து, நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டு முறையை அமைத்தார். பறையை ஆராதனைக்குள் கொண்டு வந்தார்.

ஜெனீவா இராகத்தை நம் கருவிகளுக்கு அமைப்பதும் அரிதன்று. மெட்டைச் சலதரங்கம் ஏற்கலாம். ஒவ்வோர் அடியும் நெடிய சுரத்தில் முடியுமிடத்தைப் பறை நிரப்பலாம். குடம் காலத்தைக் காக்கலாம். ஆனால் கருவியை மட்டும் உள்ளே அழைத்து, அதனை அடிப்பவரைக் கூலிக்காரராகக் கருதி அனுப்பிவிடுவோமாயின், நாம் மாற்றியமைத்தது இசையை மட்டுமே, சபையை அன்று. 150-ஆம் சங்கீதம் தோற்கருவியையும் கைத்தாளத்தையும் துதிக்கு அழைக்கையில் அவற்றை ஏந்தும் கைகளையும் அழைக்கிறது. அக்கைகளுக்குரியோர் நம்மோடு ஒரே பந்தியில் அமர்கின்றனரா என்பதைப் போதகரும் மாணவரும் தத்தம் சபையில் ஆராய்ந்து பார்ப்பது தகும்.