பொருநைக் கரையின் சிறு பறவைகளும் காமிராவும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தன் இரு மருங்கிலும் நெல்லையும் வாழையையும் வளர்ப்பதோடு, கைப்பிடிக்குள் அடங்கும் எண்ணற்ற சிறு பறவைகளையும் வாழ வைக்கிறது. வயல் நடுவே நிற்கும் பனையில் தூக்கணாங்குருவி கூடு நெய்கிறது. கொல்லைப்புறச் செடியின் இலைகளை இணைத்துத் தையல்சிட்டு நாரால் தைக்கிறது. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வரும் வாலாட்டிக் குருவி குளக்கரைச் சேற்றில் ஓடித் திரிகிறது. இவற்றை அவை வாழும் இடத்திலேயே, இயல்பு குலையாமல் புகைப்படம் எடுப்பது அரியதொரு கலை. அக்கலையின் வரலாற்றில் நெல்லைச் சீமைக்கும் பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார்.

காமிராவுக்கு முன்பு பறவை ஆராய்ச்சியின் முதற்கருவி துப்பாக்கியே. சுட்டு வீழ்த்திய பறவையின் தோலை உரித்து, பஞ்சு திணித்து, பெயர்ச்சீட்டுக் கட்டி அருங்காட்சியகப் பெட்டியில் வைப்பார்கள். அவற்றை ஒப்பிட்டே இனங்களைப் பிரித்தறிந்தார்கள். பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி அவர்களின் வாழ்வுப் பாதையும் அவ்வாறே தொடங்கிற்று. 1896இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பம்பாயில் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்த அவர், சிறுவராயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் கண்ட மஞ்சள் திட்டு அவரை வியப்பில் ஆழ்த்தியது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த மில்லார்டு என்பார் கழகத்தின் பறவைத் தொகுப்பையே அச்சிறுவருக்குத் திறந்து காட்டினார். அன்று விழுந்த வித்து, 1933இல் திருவிதாங்கூர்ப் பறவைகளின் கணக்கெடுப்பாகவும், 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய புகழ்மிக்க நூலாகவும் விளைந்தது. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டை, அக்கணக்கெடுப்பு நடந்த காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. 1956இல்தான் அது நெல்லை மாவட்டத்தோடு இணைந்தது.

சாலிம் அலி பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் வேறொரு முயற்சி முளைவிட்டிருந்தது. யார்க்ஷயரில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூடொன்றைப் புகைப்படம் எடுத்தனர். 1895இல் இயற்கைச் சூழலில் எடுத்த படங்களோடு பறவைக் கூடுகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். பறவைகள் அஞ்சாதிருக்க வேண்டி, மாட்டுத் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்திய பொய்மாட்டின் வயிற்றுக்குள் காமிராவோடு ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். பறவையை வீழ்த்தாமலே அறிய முடியும் என்பதை அம்முயற்சி உலகுக்குக் காட்டியது.

கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து சிங்கப்பூரில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு, 1939இல் திறக்கப்பட்ட கேத்தே திரையரங்கு பழகிய பெயர். அந்நிறுவனத்தை நடத்திய லோக் வான் தோ, சிறந்த பறவைப் புகைப்படக்காரர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். இரண்டாம் உலகப்போரின்போது சிங்கப்பூரிலிருந்து வெளியேறி இந்தியாவுக்கு வந்த அவர், சாலிம் அலியின் நண்பரானார். இருவரும் சேர்ந்து பறவைகளைத் தேடிப் பயணங்கள் செய்தனர். 1964இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் லோக் மறைந்தார்.

இனி நம் மண்ணின் மைந்தரைக் காண்போம். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ படைத்த பெருங்குளம் அ. மாதவையாவின் இளைய மகன். தாவரவியலும் சட்டமும் பயின்ற அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் நிலத்திலும், செடிகொடிகளிலும், உயிரினங்களிலும் அடங்கியிருக்கிறது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின்படி நோக்கினால், பறவை தன் மரத்தோடும் மண்ணோடும் சேர்ந்ததே முழுமையான படமாகும்.

அக்கருத்து எத்துணை உண்மையானது என்பதற்கு நம் மலையே சான்று கூறுகிறது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியின் உயர்ந்த சோலைகளில் வாழும் சிறு நீலப்பறவை ஒன்றை, கணவாய்க்கு வடக்கே வாழும் பறவையிலிருந்து வேறான தனி இனம் என்று 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மரபணுவையும் குரலையும் உடலளவையும் ஒப்பிட்டு அம்முடிவுக்கு வந்தனர். அதன் அறிவியற் பெயரிலேயே ‘சோலை’ என்னும் நம் சொல் கலந்திருக்கிறது. நடுவே ஒரு கணவாய் குறுக்கிட்டதால் பறவையின் இனமே பிரிந்துவிட்டது. எந்த மலையில், எந்தச் சோலையில் எடுத்தது என்ற குறிப்பு இல்லையேல், அப்பறவையின் படம் எவ்வளவு அழகாயிருந்தும் வரலாற்றுச் சான்றாகாது.

சிறு பறவையைப் படமெடுப்பது எளிதன்று. கிளைக்குக் கிளை தாவும் தையல்சிட்டு ஒரு கணத்துக்கு மேல் ஓரிடத்தில் நில்லாது. சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் கிடைத்த காலத்தில், எடுப்பவர் எண்ணியெண்ணியே விசையை அழுத்தினார். துணிக்கூடாரத்தைத் தொலைவில் நிறுத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்கி, பறவை பழகிய பின்பே உள்ளே அமர்ந்தார். அத்தகைய பொறுமை இல்லாதவர் கூட்டை நாடினார். ஏனெனில் கூட்டுக்குத் தாய் திரும்பி வந்தே ஆகவேண்டும். தீங்கு அங்கேதான் நுழைகிறது. படம் தெளிவாக விழ வேண்டுமென்று மறைப்புக் கிளைகளை வெட்டினால் உச்சி வெயில் குஞ்சுகளின் மேல் விழுகிறது. காக்கையின் கண்ணுக்குக் கூடு புலப்படுகிறது. அஞ்சிய தாய் விலகி நின்றால் முட்டைகள் குளிர்ந்துவிடுகின்றன.

இன்று சுருளின் செலவும் இல்லை. எவரும் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பாரும் உளர். எதிரி வந்துவிட்டதென்று எண்ணும் ஆண்பறவை, இரை தேடுவதையும் குஞ்சு பேணுவதையும் விட்டு அந்தக் குரலோடு மல்லுக்கு நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைக்கும் கூட்டுக்கும் ஊறு செய்வதையும் அவற்றைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. கூட்டைக் குலைத்து ஒரு படம் பெறுபவர், கையில் துப்பாக்கி இல்லாவிடினும் சட்டத்தின் முன் வேட்டைக்காரரே ஆவார்.

துப்பாக்கியிலிருந்து காமிராவுக்கு வந்து சேர அறிஞர்களுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைபேசியின் உருவில் ஒரு காமிரா இருக்கிறது. கொல்லையில் கூடு கட்டும் சிட்டைத் தொலைவிலிருந்து பார்க்கவும், கிளையை விலக்காமல் படமெடுக்கவும், நாளையும் ஊரையும் குறித்து வைக்கவும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக. கூட்டில் குஞ்சுகள் இருக்கும் நாட்களில் படமே எடுக்காமல் திரும்பி வருவதும் அப்பழக்கத்தில் அடங்கும்.