பேரிடர்க் காலத்தில் பரீட்சை: புத்தூரில் நின்று ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில் கோப்பாயையும் நீர்வேலியையும் கடந்தால் புத்தூர் வரும். செம்மண் தோட்டங்களை நம்பி வாழும் ஊர். ஸ்ரீ சோமாஸ்கந்தக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஊரில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையைப் பிள்ளை தனியாக எழுதுவதில்லை. தோட்டத்தை ஈடு வைத்த தகப்பனும், விடிகாலை மூன்று மணிக்குத் தேநீர் வைத்துக் கொடுத்த தாயும் அதில் பங்காளிகள். ஆகவே, பெருந்தொற்று வந்து பாடசாலைகளை மூடியபோது “பரீட்சை இல்லாமலே புள்ளி வழங்கலாமா?” என்று உலகம் முழுவதும் எழுந்த கேள்வி, புத்தூரில் வேறொரு பொருளோடு ஒலித்தது.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். புத்தூரில் பிறந்த பலரின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே படிக்கிறார்கள். 2020இல் அந்நாடு உயர்தரப் பரீட்சையை அடியோடு இரத்துச் செய்தது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தரத்தை மதிப்பிட்டு, வகுப்பில் அவரது இடத்தையும் வரிசைப்படுத்தி அனுப்பினர். அந்த மதிப்பீடுகளைக் கணினிச் சூத்திரம் ஒன்று திருத்தியது. அந்தப் பாடசாலையின் முன்னைய மாணவர்கள் கடந்த ஆண்டுகளில் எப்படிச் சித்தியடைந்தார்கள் என்பதே திருத்தத்தின் முக்கிய அடிப்படை. ஆகஸ்ட் 13ஆம் திகதி பெறுபேறுகள் வெளியானபோது, ஆசிரியர் கொடுத்த தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தன. மாணவர் தொகை மிகக் குறைந்த வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீடு அப்படியே ஏற்கப்பட்டது. அத்தகைய வகுப்புகள் கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகளிலேயே அதிகம். மாணவர்கள் வீதிக்கு இறங்கினர். நான்கு நாள்களில் அரசு பின்வாங்கியது.

இந்தச் செய்தியைப் படித்த என் வயதினர் பலருக்கு அது புதிதாகத் தோன்றியிராது. ஒரு மாணவனின் புள்ளியை அவன் எழுதியதைக் கொண்டு அல்லாமல், அவன் சேர்ந்திருந்த கூட்டத்தைக் கொண்டு திருத்தும் வேலையை நாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருந்தோம். 1970இல் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக வைக்கப்பட்டன. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1969/70இல் பொறியியல் அனுமதியில் தமிழரின் பங்கு ஏறத்தாழ 48 விழுக்காடு. 1974இல் அது 16 விழுக்காடாக வீழ்ந்தது. அதன் அரசியல் விளைவுகளை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டினால் வன்னி, மன்னார், மட்டக்களப்புப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் சென்றார்கள். வசதி குறைந்த ஊருக்குச் சில இடங்களை ஒதுக்கி வைப்பதை நான் எதிர்க்கவில்லை. இடத்தை ஒதுக்குவது ஒன்று, விடைத்தாளில் இட்ட புள்ளியையே மாற்றுவது வேறொன்று. முன்னதை வெளிப்படையாக விவாதிக்கலாம். பின்னதை மாணவன் கண்ணால் காணவும் முடியாது.

இனி, குழப்பக் காலத்தில் நாம் என்ன செய்தோம் என்று பார்க்கலாம். 1995 ஒக்டோபரில் இராணுவம் பலாலிப் பக்கமிருந்து அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக முன்னேறியது. அம்மாதம் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில் இரவல் கட்டடங்களிலும் மர நிழல்களிலும் வகுப்புகள் நடந்தன. 2009இல் வவுனியா முகாம்களுக்குள்ளேயே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். பதுங்குகுழியிலிருந்து வெளிவந்து சில மாதங்களே ஆன பிள்ளைகள் அவர்கள். பரீட்சை தள்ளிப்போனாலும் கைவிடப்படக்கூடாது என்பதில் எங்கள் சமூகம் பிடிவாதமாக இருந்தது. இலக்கம் மட்டும் தெரிந்த விடைத்தாள்தான் தங்களிடமிருந்து பறிக்கமுடியாத ஒரே சாட்சி என்று பெற்றோர் கருதினார்கள்.

பெருந்தொற்றின்போது இலங்கை அரசும் இதே வழியில்தான் சென்றது. 2020 ஆகஸ்டில் நடக்கவேண்டிய உயர்தரப் பரீட்சை ஒக்டோபர் 12இல் தொடங்கியது. தொற்றுக்குள்ளான மாணவர்கள் வைத்தியசாலையில் இருந்தே எழுதினர். 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரிக்கும், 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரிக்கும் போயின. இடையில் பொருளாதார நெருக்கடியும் மின்வெட்டும் வந்தன. விடைத்தாள் திருத்தும் பணியும் தாமதமாயிற்று. கடைசியில் 2022ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு வெளியானது 2023 செப்டெம்பரில்.

புள்ளியின் நேர்மை காக்கப்பட்டது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் யார்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இணையவழியில் படித்தபடி காத்திருக்கலாம், வெளிநாட்டுக்கும் போகலாம். நல்ல கைத்தொலைபேசி இல்லாத கூலிக்குடும்பத்துப் பிள்ளைக்கு ஓராண்டுக் காத்திருப்பு என்பது ஓராண்டுக் கூலி. தோட்ட வேலைக்கோ கடைக்கோ போனவன் புத்தகத்திடம் திரும்பிவருவது அரிது. பிற்போடுதலும் ஒருவகை வடிகட்டல்தான் என்பதை நாம் பேசுவதில்லை.

பரீட்சை நடத்திவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி எழுதிய இரு தொகுதியினரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று கூறி, வெவ்வேறாகக் கணிக்கப் பணித்தது. அந்தத் தவற்றைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், கணக்கின் அடியில் மெய்யான விடைத்தாள்கள் இருந்தமையே.

தமிழ்நாடு வேறு வழியை எடுத்தது. 2020இல் பத்தாம் வகுப்பில் எல்லோரும் சித்தி. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் வைத்துப் புள்ளி கணித்தார்கள். 2021இல் பன்னிரண்டாம் வகுப்புக்கு, பத்தாம் வகுப்புப் புள்ளி 50, பதினோராம் வகுப்பு 20, செய்முறையும் அக மதிப்பீடும் 30 என்று பகுத்தார்கள். குறைகள் இருக்கலாம். எனினும் அது அந்த மாணவன் தானே முன்பு எழுதியவற்றிலிருந்து எழுந்த கணக்கு. அவனுடைய பாடசாலையில் நேற்றுப் படித்தவனின் கணக்கு அதில் சேரவில்லை.

நாமும் கற்க இதில் ஒன்று உண்டு. எங்கள் பாடசாலைகளில் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற முறை பெயரளவில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு அது எண்ணப்படுவதில்லை. ஆகவே பலர் அதைப் படிவம் நிரப்பும் வேலையாகவே செய்கிறார்கள். அதனை அமைதியான காலத்திலேயே ஒழுங்காகச் செய்யவேண்டும். வேற்றுப் பாடசாலை ஆசிரியர் மாதிரிக்குச் சில தாள்களைத் திருத்திச் சரிபார்க்கவேண்டும்; மாணவன் தன் கணிப்பீட்டைப் பார்க்கவும் ஆட்சேபிக்கவும் உரிமை வேண்டும். இடர் வந்து பரீட்சை நெடுங்காலம் தள்ளிப்போகுமாயின், அந்தக் கணிப்பீட்டை ஏற்று முன்னே செல்வதா, காத்திருந்து எழுதுவதா என்பதை மாணவனே தெரிந்தெடுக்கட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. போர், தொற்று, நெருக்கடி, புயல் என்று காரணம் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே தடுமாறுகிறோம். அடுத்த இடர் வருமுன் விதியை எழுதிவைக்க வேண்டும். அந்த விதியின் முதல் வரி, ஒரு பிள்ளையின் புள்ளியை அதன் ஊரையோ மொழியையோ பாடசாலையையோ பார்த்துத் திருத்தக்கூடாது என்பதாக இருக்கட்டும். இரண்டாவது வரி, காத்திருக்க வசதியற்ற பிள்ளையைப் பற்றியதாக இருக்கட்டும்.