சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்

சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் (எஸ்ஓஎஃப்), கணினியின் ஒலிச் செயலிக்குள் ஓடும் ஃபர்ம்வேரையும் அதற்கான லினக்ஸ் டிரைவரையும் திறமூலமாகத் தரும் திட்டம். இன்டெல் தொடங்கிய இது, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் திட்டமாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. டிரைவர் 2019-இல் லினக்ஸ் கெர்னல் 5.2-இல் சேர்ந்தது.

டிரைவர் கெர்னலுக்குள் ஓடுவதால், மூலநிரலையும் தந்தாக வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்துக்குக் கட்டுப்பட்டது. ஃபர்ம்வேர் அப்படியல்ல. கணினி தொடங்கும்போது டிரைவர் ஃபர்ம்வேர் கோப்பை வட்டிலிருந்து எடுத்து டிஎஸ்பி என்னும் ஒலிச் செயலியில் ஏற்றிவிடும். பிறகு அது அங்கேயே ஓடும். தனிச் செயலியில் ஓடும் தனி நிரலை ஜிபிஎல் தொடாது என்பதே பொதுவாக நிலவும் கருத்து. ஆகவே, இன்டெலின் முந்தைய ஸ்கைலேக் ஒலி டிரைவருக்கு மூலநிரல் இருந்தும், அது ஏற்றிய ஃபர்ம்வேர் மூடிய கோப்பாகவே வந்தது. அதைப் பகிரலாம்; பிழை இருந்தால் திருத்த வழியில்லை.

இது வெறும் உரிமச் சிக்கல் அல்ல. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உள்மைக் நேராக டிஎஸ்பியோடு இணைந்திருக்கிறது. பழைய எச்டிஏ டிரைவரில் ஸ்பீக்கர் ஒலிக்கும், மைக்கோ பட்டியலிலேயே இருக்காது. சிலவற்றில் ஒலி அமைப்பைத் திறந்தால் ‘டம்மி அவுட்புட்’ என்ற ஒரே வரிதான் நிற்கும். மைக் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகிறோம். உண்மையில் பல நேரம் இல்லாதது சில நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு ஃபர்ம்வேர் கோப்பு.

எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேரின் பெரும்பகுதி பிஎஸ்டி உரிமத்திலும், டிரைவர் ஜிபிஎல், பிஎஸ்டி என இரட்டை உரிமத்திலும் உள்ளன. மாற்றியதை வெளியிட்டாக வேண்டும் என்று பிஎஸ்டி கேட்பதில்லை. சிப் நிறுவனங்கள் தங்கள் மூடிய ஒலி நுட்பங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஏஎம்டி, மீடியாடெக், என்எக்ஸ்பி சிப்களுக்கும் இன்று ஆதரவு உண்டு.

ஆனால் மூலநிரல் கையில் இருந்தால் மட்டும் போதாது. விற்பனையில் உள்ள பெரும்பாலான இன்டெல் கணினிகள், இன்டெலின் சாவியால் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும். ஒரு வரியைத் திருத்தி நாமே தொகுத்தால் வன்பொருள் அதை மறுத்துவிடும். பணம் கொடுத்து வாங்கியவரின் உரிமையை இந்தப் பூட்டு பறிக்கிறது. குரோம்புக்குகள் பலவும் அப் ஸ்கொயர்டு என்னும் சிறு கணினிப் பலகையும் எல்லோருக்கும் கிடைக்கும் சமூகச் சாவியை ஏற்பதால், திருத்திப் பார்க்க விரும்புவோர் அவற்றையே நாடுகிறார்கள்.

கையொப்பமிட்ட இந்தக் கோப்புகளை, 2023-இல் வந்த டெபியன் 12, கட்டற்ற மென்பொருள்களோடு சேர்க்காமல் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேருக்கான தனிப்பிரிவில் வைத்திருக்கிறது.