பழைய வோக்ஸ்வேகன் கேம்பர் வண்டிகளில் அறை வெப்பமூட்டல்

ஜெர்மனியில் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய ‘டைப் 2’ என்னும் பெட்டி வடிவ வாகனமும், 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தார் அதனுள் படுக்கையும் அலமாரிகளும் பொருத்தி உருவாக்கிய கேம்பர் வண்டியும் பிரயாணப் பிரியர்களின் நீங்காத அபிமானத்தைப் பெற்றவை. எனினும், குளிர் மிகுந்த தேசங்களில் இவ்வண்டிகளை இன்றும் ஓட்டி வருவோர் கூறும் குறைகளுள் முதன்மையானது, மாரிக்காலத்தில் உள்ளறை போதிய அளவு சூடேறுவதில்லை என்பதே.

இக்குறையின் மூலகாரணம் யந்திரத்தின் அமைப்பில் உள்ளது. பெரும்பாலான மோட்டார் வாகனங்களில் யந்திரத்தைச் சுற்றிவரும் சுடுநீரே உள்ளறைக்கும் அனலைத் தருகிறது. 1967-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை வரையிலான டைப் 2 வண்டிகளிலோ, பின்புறத்திலுள்ள நான்கு சிலிண்டர் யந்திரம் காற்றினால் மட்டுமே குளிர்விக்கப்படுவதாகையால், குளிர்விசிறி தள்ளும் காற்றின் ஒரு பகுதி, புகைக்குழாய்களைச் சூழ்ந்த இரு வெப்பமாற்றுப் பெட்டிகளினூடே சென்று சூடேறி, வண்டியின் அடிப்புறத்தில் ஓடும் நீண்ட குழாயின் வழியே முன்னிருக்கைக்கும் முன்கண்ணாடிக்கும் வந்து சேர வேண்டியிருக்கிறது. இம்முறை 1963-ஐ ஒட்டி வந்த சீர்திருத்தம். அதற்கு முன்னர் சிலிண்டர்களின் மீது பட்டுத் திரும்பிய காற்றே உள்ளே செலுத்தப்பட்டதால், சூட்டோடு எண்ணெய் நாற்றமும் சேர்ந்து வந்தது. விசிறியைச் சுழற்றுவது யந்திரமே என்பதால், வேகமாக ஓடும்போது கிடைக்கும் அனல், வண்டி நின்று யந்திரம் மெதுவாகச் சுழலும்போது பெரிதும் குன்றிவிடும்.

ஆயினும், இந்த ஏற்பாட்டை முற்றிலும் பயனற்றதென்று தள்ளிவிடுதல் நியாயமன்று. யந்திரம் தரும் உஷ்ணம் குறைவானதல்ல. அது வரும் வழியில் கசிந்து போவதே பெரும்பாலும் உண்மையான நோய். வெப்பமாற்றுப் பெட்டியையும் அடிக்குழாயையும் இணைக்கும் மடிப்புக் குழாய்கள் கிழிந்திருக்கலாம்; இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இற்றுப் போயிருக்கலாம்; அடிக்குழாயைப் போர்த்தியிருந்த காப்புறை உதிர்ந்து, பனிக்காற்று அதன் தகட்டிலேயே நேராக மோதலாம். ஓட்டுநர் இழுக்கும் நெம்புகோலிலிருந்து பின்புறத்து அடைப்புத் தகடுகள் வரை செல்லும் கேபிள்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால், நெம்புகோல் அசைந்தாலும் தகடு பாதியளவே திறக்கும். யந்திரத்தின் விசிறிக்கூட்டில் தெர்மோஸ்டாட்டினால் இயங்கும் தடுப்புத் தகடுகளை வேண்டாதவையென்று முந்தைய மெக்கானிக்குகள் கழற்றிவிட்ட வண்டிகளும் பல. அத்தகைய யந்திரம் மாரிக்காலத்தில் சூடேறவே நெடுநேரம் பிடிக்கும். வெப்பமாற்றுப் பெட்டியை மாற்றுவோர் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு: தொழிற்சாலையில் பொருத்திய பெட்டியினுள் அலுமினியத் துடுப்புகள் நெருக்கமாக அமைந்து புகைக்குழாயின் சூட்டைக் காற்றுக்கு ஈந்தன; மலிவான மாற்றுப் பெட்டிகள் சிலவற்றில் அத்துடுப்புகள் அருகியே காணப்படுவதால், புதுப்பெட்டி பூட்டியும் குளிர் தீரவில்லை என்ற மனக்குறை எழுகிறது. இவற்றையெல்லாம் செப்பனிட்ட பின்னரே வேறொரு சாதனத்தைப் பற்றி யோசிப்பது விவேகம்.

வெப்பமாற்றுப் பெட்டிகளில் சுவாசிக்கும் காற்றுக்கும் புகைக்கும் இடையே ஒரு தகட்டுச் சுவரே உள்ளது என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. அச்சுவர் துருப்பிடித்துத் துளைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். நிறமும் மணமும் அற்ற அந்த விஷவாயு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இணைந்துகொள்வதால், உறங்குபவர் தம் அபாயத்தை உணராமலே உயிரிழக்கக்கூடும். துளைபட்ட பெட்டியை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துதல் தகாது; அதனை மாற்றுவதும், விஷவாயு அறிவிப்பு மணி ஒன்றைப் பொருத்துவதும் அவசியம்.

நிறுத்திய வண்டியில் இரவைக் கழிப்போருக்கு யந்திரத்தின் அனல் உதவாது. இதற்கென எபர்ஷ்பெஷர் நிறுவனத்தின் பெட்ரோல் வெப்பமூட்டிகள் அக்காலத்திலேயே இவ்வண்டிகளில் பொருத்தப்பட்டன. இன்று பெட்ரோல், டீசல், புரோப்பேன் ஆகியவற்றால் எரியும், சுமார் 2 கிலோவாட் ஆற்றலுள்ள சிறு சாதனங்கள் கிடைக்கின்றன. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் மூடிய அறை இவற்றுக்கு இருப்பது முக்கியம். டீசல் சாதனம் மணிக்கு 0.1 முதல் 0.28 லிட்டர் வரையே எரிபொருளைச் செலவிடும். ஆனால் பெட்ரோல் வண்டியில் அதற்குத் தனித் தொட்டி வேண்டும். மூட்டும் தருணத்தில் மின்சாரத்தை அதிகமாக இழுக்குமாதலால், யந்திரத்தைக் கிளப்பும் பேட்டரியை நம்பாமல் இரண்டாவது பேட்டரி வைப்பது நலம். வாயு உருளையைப் பொறுத்தவரை, பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போதே பியூட்டேன் ஆவியாகாமல் நின்றுவிடுமாகையால், மாரிக்காலத்துக்குப் புரோப்பேனே ஏற்றது.

வெளிப்புகைக்குழாய் இல்லாத சமையல் அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தும் வழக்கம் விஷவாயு அபாயத்தோடு ஈரத்தையும் வளர்க்கிறது. 1 கிலோ புரோப்பேன் எரியும்போது சுமார் 1.6 கிலோ நீர் ஆவியாக உண்டாகும். உறங்குவோரின் மூச்சும் சேர, அந்த ஈரம் குளிர்ந்த தகரச் சுவரில் படிந்து, பலகைக்குப் பின்னால் துருவாக மாறுகிறது. இதனால்தான் சுவர்களில் நீரை உறிஞ்சும் பஞ்சைத் திணிப்பதினும், நீராவி புகாத மூடிய நுண்ணறைகளைக் கொண்ட ரப்பர் நுரைத்தகட்டை இடைவெளியின்றி ஒட்டுவது சிறந்தது. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்களின் வழியாகவும் உயர்த்தும் கூரையின் துணிப்பக்கங்களின் வழியாகவும் வெப்பம் விரைந்து வெளியேறுவதால், அவற்றுக்குத் தடித்த திரைகள் வேண்டும். இவ்வளவு மூடிய பின்னரும், எத்தகைய குளிரிலும் காற்றோட்டத் துவாரம் ஒன்றைத் திறந்தே வைக்க வேண்டும்.