ஆறக்கூடாத புண்

மற்ற ஆபரேஷன்களில் புண் சீக்கிரம் ஆற வேண்டும். கண் அழுத்த நோய்க்குச் செய்யும் ஆபரேஷனில் அது முழுசாக ஆறிவிட்டால் செய்த வேலை வீண். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறத் திறந்த வழியைத் தழும்பு அடைத்துவிடும்; அழுத்தம் மறுபடி ஏறும். குந்தாரப்பள்ளியில் மருந்துக்கடை வைத்திருக்கிற நான், பெங்களூரில் ஆபரேஷன் முடித்துச் சீட்டோடு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்த வழியைத் திறந்த வரலாற்றில் நம் எழும்பூருக்குப் பெரிய இடம் உண்டு. அங்குள்ள, 1819இல் தொடங்கிய சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் வட்டக் கத்தியால் சிறு துளை போட்டார். அந்த முறை உலகெங்கும் பரவியது. ஆனால் துளைக்குமேல் மெல்லிய சவ்வு மட்டுமே இருந்தது. சில கண்களில் துளை தூர்ந்தது. சிலவற்றில் நீர் அளவுக்குமீறி வடிந்தது. சிலவற்றில் நாள்பட்டுக் கிருமி புகுந்தது. 1968இல் இங்கிலாந்தின் ஜான் கெய்ர்ன்ஸ், வெள்ளைவிழியையே மெல்லிய மூடியாகச் சீவி, அதன் அடியில் வழி திறந்தார். வடிதல் கட்டுக்குள் வந்தது. தழும்பு மட்டும் கத்திக்கு அடங்கவில்லை.

அதை அடக்கியவை புற்றுநோய் மருந்துகள். 1957இல் வந்த 5-ஃபுளூரோயூராசிலை, 1980களில் அமெரிக்க மருத்துவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணோரம் ஊசியாகப் போட்டார்கள். அதே காலத்தில் தைவானின் சென் என்ற மருத்துவர் மைட்டோமைசின்-சியைக் கொண்டுவந்தார். ஜப்பானில் மண் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த மருந்து அது. ஆபரேஷனின்போதே பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைத்துக் கழுவிவிடுவார்கள். தழும்பை உண்டாக்கும் செல்கள் பெருகாது. அளவு மீறினால் சவ்வு நைந்து, எலியட் காலத்துத் தொல்லைகளே திரும்பும்.

நோயாளியின் கையில் இருப்பது ஸ்டீராய்டு சொட்டுதான், பெரும்பாலும் பிரெட்னிசோலோன். வீக்கம் தணிந்தால் தழும்பும் குறையும். வாரக்கணக்கில் போட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து. வலி இல்லையென்று பாதியில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இதே சொட்டு, டாக்டர் பார்வையில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், வலியே தெரியாமல். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள், "கண்ணு செவந்திருக்குண்ணா, போன தடவை குடுத்த சொட்டையே குடுங்க" என்று கேட்கிறார்கள். சீட்டில்லாமல் நான் தருவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஆபரேஷன் ஆனவர்களோ, டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.