தீனபந்துவின் சமயமும் அரசியலும்

சமயப் பணிக்காக 1904ஆம் ஆண்டு தில்லிக்கு வந்து, தூய ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தவர் சார்லஸ் பிரியர் ஆண்ட்ரூஸ். ஆளும் இனத்தில் பிறந்த அவர், பத்தே ஆண்டுகளில் அவ்வினத்தார் முகஞ்சுளிக்கும் மனிதரானார். 1914 சனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தியடிகளின் கால்களைத் தொட்டு வணங்கினார். ஆங்கிலப் பாதிரியார் ஓர் இந்தியரின் காலைத் தொடுவதா என்று வெள்ளையர் வெகுண்டனர்.

எனினும், அவர்தம் சமயம் அரசியலாக மாறிய இடம் பிஜித் தீவே எனலாம். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் அங்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் போயினர். பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடிய கரும்புத் தோட்டங்கள் அவைதாம். ஒப்பந்தம் ஐந்தாண்டு, வேலைக்கு வாராமை தண்டனைக்குரிய குற்றம். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிரே அனுப்பப்பட்டமையால் குடும்ப வாழ்வு குலைந்தது.

1915இல் நோயுற்றுத் தேறிவந்த வேளையில், தோட்டத்திலிருந்து தப்பியோடிய கூலி ஒருவனின் வாடிய முகம் ஆண்ட்ரூசின் மனக்கண்முன் தோன்றிற்றாம். அது மெல்லக் கிறித்துவின் முகமாக மாறிற்றாம். எளியவனுக்குச் செய்வது தமக்கே செய்வதாகும் என்ற இயேசுவின் போதனையை நன்கறிந்தவருக்கு இக்காட்சி வியப்பன்று. வியப்பு, அதன்பின் அவர் செய்த செயலிலேயே உள்ளது. செபத்தோடு அமைந்துவிடாமல், நண்பர் பியர்சனுடன் பிஜிக்குக் கப்பலேறினார். கூலி வரிசைகளை நேரிற் கண்டு அறிக்கை எழுதினார். 1916 மார்ச்சில் மாளவியா சட்டசபையில் கொணர்ந்த ஒழிப்புத் தீர்மானத்தை அரசு ஏற்றது. ஆயினும் ஆளெடுப்பு மேலும் சில ஆண்டுகள் நீளும் எனத் தெரிந்ததும் ஆண்ட்ரூஸ் மீண்டும் போராடினார். 1917இல் அது நின்றது. 1920 சனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீங்கின. (மலாயாவில் ஒப்பந்த முறை 1910இலேயே ஒழிந்தது, கங்காணி முறையோ 1938 வரை நீடித்தது.)

அதே திருமறையைத் தோட்ட முதலாளிகளும் ஞாயிறுதோறும் கேட்டனர் என்பதை மறத்தலாகாது. நூல் ஒன்றே, படித்தவர் நின்ற இடந்தான் வேறு.

இந்தியாவின் முழு விடுதலையையும் ஆண்ட்ரூஸ் ஆதரித்து எழுதினார். அதற்காகக் காந்தியடிகள் சொன்னதற்கெல்லாம் தலையசைத்தாரல்லர். 1921இல் அயல்நாட்டுத் துணிகள் எரிக்கப்பட்டபோது, பிற நாட்டு மனிதர் கையால் நெய்ததை நெருப்பிலிடுவது வன்முறையே என்று அவர் மனம் நொந்தது. அவர் எழுதிய கடிதத்தைக் காந்தியடிகள் மறைக்காமல் தம் 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டு, மறுமொழியும் எழுதினார்.